நாலு ‘எஸ்’ போட்ட ஏழுமலை

போன செவ்வாய்க்கிழமை காலை. கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது.

ஒரு ஜோடி ஷூ. சுரங்கத்துக்குள் போட்டுக்கொண்டு போவார்களே, முன்பக்கம் இரும்பு வைத்த கறுப்பு சேஃப்டி ஷூ... அதுதான். அலம்பித் துடைத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் உட்கார வைத்திருந்தது. படத்துக்குக் கீழே ஒரு வார்த்தைகூட இல்லை.

அனுப்பியது ஏழுமலை. அனுப்பிய இடம் ஆஸ்திரேலியா.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடிப்பாகத்துப் பள்ளங்களில் ஒரு பொட்டு மண் இல்லை. தையல் ஓரத்தில் கரி இல்லை. இதே ஷூவை என் கடை வாசலில் வைத்து மூன்று நாள் பஞ்சாயத்துப் பண்ணியிருக்கிறோம். அப்போது இது இவ்வளவு சுத்தமாக இல்லை. அப்படியானால் யார் கழுவியது?

அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

பழைய வாசகர்களுக்குத் தெரியும். நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி, வடக்குத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். நான் படித்தது பத்தாவது. மீதியைச் சொல்லிக் கொடுத்தது கடைக்கு வருகிற ஜனங்கள். அவர்கள் போகிற போக்கில் சொல்வதை, வீணாய்ப் போன பேப்பரின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது என் வியாதி. அந்தப் பேப்பர்களில் பாதி ஏழுமலை சொன்னதாக இருக்கும்.

ஏழுமலை எங்கள் பின்தெருக்காரர். என்னை அக்கா என்பார். சுரங்கத்துக்கு வேலை எடுத்துச் செய்கிற ஒரு காண்ட்ராக்டரிடம் பதினாறு வருஷம். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் உருளும் ரோலர்களைக் கழற்றி மாட்டுகிற வேலை. மனைவி தமிழரசி நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக எட்டு வருஷம் பரீட்சை மேல் பரீட்சையாக எழுதினாள். நைட் டூட்டி முடித்து, தூக்கக் கலக்கத்தோடு வந்து, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இங்கிலீஷ் படிப்பாள். மூன்று தடவை தோற்றாள். நாலாவது தடவை என்னிடம் ரிசல்ட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை போதும், ஒரு மனுஷனை எடை போட. மாப்பிள்ளை எங்கே வேலை? மைன்ஸில். பர்மனென்ட்டா, காண்ட்ராக்டா? அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் காபி ஆறிப்போன வீடுகள் எனக்குத் தெரியும். ஏழுமலை அந்தக் கேள்விக்குப் பதினாறு வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

விசா மெயில் வந்த அன்று நான்தான் பிரின்ட் எடுத்தேன். சூடு ஆறாத பேப்பர். ‘பர்மனென்ட் ரெசிடென்ட்’ என்று இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். ஏழுமலை வெகுநேரம் அதையே பார்த்தார்.

“இன்னா அக்கா இது... வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே பர்மனென்ட் பண்ணிட்டானுங்க?”

இதை எழுதி வைக்காமல் எப்படி இருப்பது, சொல்லுங்கள்.

சரி, ஷூவுக்கு வருகிறேன்.

ஆஸ்திரேலியாவில் இறங்குவதற்கு முன்னால் ஒரு கார்டு கொடுப்பார்களாம். உங்கள் பையில் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாகக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘எஸ்’ கட்டம், ஒரு ‘நோ’ கட்டம். கீழே கையெழுத்து. சாப்பாட்டுச் சாமான் உண்டா? மரச்சாமான், விதை உண்டா? மண் ஒட்டிய பொருள், போட்டுப் பழகிய ஷூ உண்டா? கடைசி ஒரு மாதத்தில் பண்ணை, ஆடு மாடு பக்கம் போனது உண்டா? அந்த நாட்டு விவசாயத்துக்கு வெளியூர்ப் பூச்சியும் நோயும் வந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். மாதிரி கார்டை இறக்கி, பழகிப் பார்க்கப் பத்து காப்பி கேட்டாள் தமிழரசி. அவளுக்கு எல்லாமே பரீட்சைதான்.

கார்டைப் படித்துச் சொன்னதுமே பிரச்னை ஆரம்பித்தது. ஏழுமலை தன் சேஃப்டி ஷூவைப் பெட்டியில் வைத்திருந்தார்.

“அத வுட்டுட்டு வாங்க. அங்க போயி புதுசு வாங்கிக்கலாம்” என்றாள் தமிழரசி.

“ரோலர் வுழுந்து ரெண்டு வெரல் வளைஞ்ச காலு இது. எந்தப் புது ஷூ ஏறுது? இதப் பழக்கவே நாலு மாசம் ஆச்சி. எறங்குன மறுநாளே ஒருத்தன் வேலைக்குக் கூப்ட்டா கால்ல இன்னாத்த மாட்டிகினு போறது? நீ டூட்டிக்குப் போவ, நான் வூட்ல குந்திகினு டிவி பாக்கவா?”

அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. இவளுடைய பயமும் புரிந்தது.

“கார்டுல பொய் சொன்னா ஃபைன் மட்டும் இல்லக்கா, விசாவுக்கே கூட ஆபத்து வரலாமாம். உண்மையச் சொல்லி எஸ் போட்டா, அழுக்கு ஷூவக் கொண்டாந்த ஆளுன்னு ஓரமா நிக்க வச்சி, அப்படியே திருப்பி அனுப்பிட்டா? எட்டு வருஷம்க்கா. ஒரு ஷூவால போவணுமா?”

அந்த நேரம் பார்த்து குவைத் முருகேசன் அண்ணன் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பதினோரு வருஷம் குவைத்தில் இருந்தவர். விமானம் என்ற சொல் காதில் விழுந்தால் நகர மாட்டார்.

“எல்லாத்துக்கும் நோ போடு தம்பி. நெஞ்ச நிமித்திகினு நேரா நடந்துகினே இரு. நான் எத்தினி வாட்டி போய் வந்துருக்கேன், ஒருத்தன் என்னக் கேட்டதில்ல. நீயா எஸ்னு போட்டா, கயித்த நீயே எடுத்துக் கழுத்துல மாட்டிக்கற மாதிரி.”

“இருக்கறத இல்லன்னு எப்படிண்ணே எழுதறது?”

“இவரு பெரிய நீதிபதி...” என்று முருகேசன் அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஏழுமலை சிரிக்கவில்லை. அண்ணன் போன பிறகு என்னிடம் சொன்னார். அவர் வேலை பார்த்த யார்டில், சாயங்காலம் கேட்டில் செக்கிங் உண்டு. காப்பர் ஒயர், போல்ட்டு, நட்டு எதுவும் வெளியே போய்விடக் கூடாது. பையைத் திற. டிபன் பாக்ஸைத் திற. பாக்கெட்டை வெளியே இழு. ஷூவைக் கழற்றித் தட்டு. கையைத் தூக்கு. ஆளுக்கு அரை நிமிஷம். யாரும் திட்டுவதில்லை. வாட்ச்மேனும் சம்பளத்துக்கு நிற்கிற மனுஷன்தான். அடுத்தவன் பாக்கெட்டில் கை விட அவருக்கு மட்டும் என்ன ஆசையா?

ஒருநாள் ஏழுமலை சட்டைப் பாக்கெட்டில் ஒரு வாஷர் இருந்துவிட்டது. எட்டணா அகலத்துக்கு ஒரு இரும்பு வளையம். கழற்றும்போது போட்டதை மறந்துவிட்டார். வாட்ச்மேன் அதை இரண்டு விரலால் பிடித்து உயரமாகத் தூக்கிக் காட்டினார்.

“பின்னாடி நாப்பது பேரு நின்னுகினு இருந்தாங்கக்கா. எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி. மறந்துட்டேன்னு சொன்னேன். நம்புனாங்க, வுட்டுட்டாங்க. ஆனா அந்த ஒரு நிமிஷம்... இன்னொரு தடவ அப்படி நிக்க என்னால முடியாது. இல்லன்னு எழுதிட்டு, அவங்க கையில எடுத்துக் காட்டற மாதிரி ஆவக்கூடாது. எஸ்ஸுதான்.”

மூன்று நாள் ஷூவைத் தேய்த்தார். எங்கள் சுரங்கத்துக் களிமண் இருக்கிறதே... நனைத்தால் வழுக்கும், காய்ந்தால் சிமென்ட். பல் தேய்க்கும் பிரஷ், ஊசி, மண்ணெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. பள்ளங்களின் அடியில் ஒரு சாம்பல் கோடு அப்படியே இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒத்திகை வைத்தோம். நான்தான் ஆஸ்திரேலியா. ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

“சார், உங்க பையில என்ன இருக்குது?”

கேட்டு முடிக்கவில்லை. ஏழுமலை பையைக் கவுன்ட்டர் மேல் வைத்து ஜிப்பைத் திறந்தார். சட்டைப் பாக்கெட்டை வெளியே இழுத்தார். செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று தட்டினார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். எல்லாம் ஐந்து செகண்டில்.

தமிழரசி தலையில் அடித்துக்கொண்டாள். “கையக் கீழ போடுங்க. உங்கள யாரு தடவுனா இப்ப? அக்கா வாயாலதான கேட்டாங்க?”

“தானா வந்துடுது தமிழு.”

“வாயாலயே பதில் சொல்லுங்க.”

“வாயால இன்னா சொல்றது?”

நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கடைக்கு வந்த ஒருவர் என்ன ஏது என்று தெரியாமலேயே சேர்ந்து சிரித்தார்.

சனிக்கிழமை மதியம் கார் கிளம்பியது. அதற்குப் பிறகு தகவலே இல்லை. ஞாயிறு போயிற்று. திங்களும் போயிற்று. நான் பத்து தடவை போனை எடுத்துப் பார்த்தேன். தமிழரசி பயந்தது மாதிரி ஆகிவிட்டதோ? ‘ஷூவை விட்டுவிட்டுப் போ’ என்று அக்காவாக லட்சணமாய் நான் அடித்துச் சொல்லியிருக்க வேண்டுமோ? செவ்வாய்க்கிழமை காலையில்தான் அந்தப் படம்.

மதியம் வீடியோ காலில் வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் கோத்துச் சொல்கிறேன்.

விமானத்தில் கார்டு வந்ததும் ஏழுமலை நாலு ‘எஸ்’ போட்டார். பருப்புப்பொடிக்கும் ஊறுகாய்க்கும் ஒன்று. பூரிக்கட்டைக்கும், தமிழரசி கைக்குட்டையில் முடிந்திருந்த பத்து முருங்கை விதைக்கும் ஒன்று. ஷூவுக்கு ஒன்று. கிளம்புகிற வாரம் கம்மாபுரத்தில் தம்பி வீட்டு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சியதற்கு ஒன்று.

“ஆட்டுக்குட்டிய எதுக்குங்க எழுதறீங்கன்னு கேட்டேன்க்கா. தூக்குனேன்ல, அப்படின்றாரு.”

மெல்போர்ன் ஏர்போர்ட்டில் ‘எஸ்’ போட்டவர்களைத் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் யூனிஃபார்மில் ஒரு பெண் அதிகாரி. ஐம்பது வயதிருக்கும். கிராப் வெட்டிய வெள்ளை முடி. கார்டைப் படித்தார். நிமிர்ந்து ஏழுமலையைப் பார்த்து, என்ன கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

யூனிஃபார்மைப் பார்த்த கண், தமிழரசியைப் பார்க்கவில்லை. பெட்டி மேஜைக்கு வந்தது. ஜிப் திறந்தது. பாக்கெட் வெளியே வந்தது. போட்டிருந்த ஷூவைக் கழற்றித் தட்டி ஓரமாக வைத்தார். சாக்ஸ் காலோடு, கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு விமானத்து ஜனமே நின்று பார்த்தது.

“எனக்கு அங்கயே பூமி பொளந்துடாதான்னு இருந்துச்சிக்கா” என்றாள் தமிழரசி.

அந்த அம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஏதோ புரிந்த மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வேண்டாம் சார். கையை இறக்குங்கள். உங்கள் ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னால் போதும்.”

“சார்ன்னாங்கக்கா” என்றார் ஏழுமலை.

தமிழரசி முந்திக்கொண்டு இங்கிலீஷில் விளக்கப் போனாள். அதிகாரி கையமர்த்தினார். அவரே சொல்லட்டும் என்றார். காத்திருந்தார். ஏழுமலை குனிந்து லேஸைக் கட்டினார். கட்டி முடித்து, நிமிர்ந்து, தெரிந்த இங்கிலீஷைக் கூட்டிச் சொன்னார். மைன்ஸ் ஷூ. மூன்று நாள் கழுவினேன். கொஞ்சம் மண் போகவில்லை. சாரி.

அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்த சேஃப்டி ஷூவைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கம்பியால் பள்ளத்தில் கீறினார். நெய்வேலிக் களிமண் சாம்பல் தூளாக உதிர்ந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று ஏழுமலை நினைத்துக்கொண்டார். அதிகாரி ஷூவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். குப்பையில் போடப் போகிறார் போலிருக்கிறது, போனால் போகட்டும், ஆளை விட்டால் சரி... இப்படி ஓடியது அவர் மனசு.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு தொட்டி. அந்த அம்மா குழாயைத் திறந்தார். ஷூவைத் தண்ணீரில் காட்டினார். ஏதோ மருந்து ஊற்றினார். பிரஷ் எடுத்தார்.

தேய்த்தார்.

இங்கே வந்ததும் ஏழுமலை போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எங்க அப்பா செருப்பக் கையில எடுத்துகினு நடந்த தெரு எனக்குத் தெரியும்க்கா” என்றார். “அந்தம்மா... யூனிஃபார்ம் போட்டவங்க... ஒவ்வொரு பள்ளமா குனிஞ்சி குனிஞ்சி பாத்துத் தேய்ச்சாங்க. நான் தேய்ச்சதுல போவாத மண்ணுக்கா அது. பத்து நிமிஷம். ஓடிப் போயி கையிலேர்ந்து புடுங்கிடலாமான்னு இருந்துச்சி.”

“போகக்கூட போனாருக்கா. நான்தான் சட்டையப் புடிச்சி இழுத்தேன். தரையில இருக்கற கோட்டத் தாண்டக் கூடாதுன்னு போட்டுருக்கு.”

துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டு வந்து கொடுத்தாராம். ‘சொன்னதற்கு நன்றி’ என்றாராம். முருங்கை விதையை மட்டும் எடுத்துக்கொண்டார். தமிழரசி முகம் வாடியதைப் பார்த்து அதற்கு ஒரு சாரியும் சொன்னார். நாலு எஸ் போட்ட மனுஷர் வெளியே வந்துவிட்டார். எட்டு வருஷப் படிப்பும் பத்திரமாகக் கூடவே வந்துவிட்டது.

போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு காப்பி கேட்டவருக்கு நாலு காப்பி போட்டேன்.

அந்த நாட்டில் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் மோப்ப நாய் சுற்றுகிறது. எக்ஸ்ரே மிஷின் இருக்கிறது. பக்கத்து மேஜையில் ‘நோ’ போட்டுவிட்டு, பெட்டிக்குள் கறிவேப்பிலைக் கட்டோடு மாட்டிக்கொண்ட ஒருவருக்கு அபராதச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்களாம். ஏழுமலை பொய் சொல்லியிருந்தால் இதே அம்மாதான் அதையும் எழுதியிருப்பார்.

ஆனாலும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. அவ்வளவு பெரிய தேசம்... உள்ளே வருகிற முன்பின் தெரியாத மனுஷனிடம் முதலில் ஒரு சின்ன அட்டையை நீட்டி, ‘உன்னிடம் என்ன இருக்கிறது, நீயே சொல்’ என்கிறது. அவர் சொல்லை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, அப்புறம்தான் பெட்டியைப் பார்க்கிறது. அங்கே கேள்வி முதலில் வருகிறது, கை பின்னால் வருகிறது. நம் பக்கத்தில் கை முதலில் வந்துவிடுகிறது. கேள்வி? அது கடைசி வரைக்கும் வருவதில்லை.

ஒத்திகையில் ‘வாயால இன்னா சொல்றது’ என்று ஏழுமலை கேட்டபோது நாங்கள் சிரித்தோமே... அது சிரிக்கிற விஷயமா? பதினாறு வருஷம், தினமும் சாயங்காலம், ஒரு மனுஷனின் பாக்கெட் பேசியிருக்கிறது, டிபன் பாக்ஸ் பேசியிருக்கிறது, ஷூ பேசியிருக்கிறது. அவரைப் பேசச் சொன்ன முதல் ஆள், விமானமேறிப் போய்ப் பார்த்த ஒரு வெள்ளைக்கார அம்மா.

முருகேசன் அண்ணனிடம் சொன்னேன். கிண்டல் பண்ணுவார் என்று பார்த்தால், ஜெராக்ஸ் மிஷினின் பச்சை வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேரா நடந்துகினே இருன்னு சொன்னேனே... ஒவ்வொரு வாட்டியும் நெஞ்சு டம்முடம்முனு அடிச்சிகினேதான்மா நடந்தேன். இத்தினிக்கும் பையில ஒண்ணும் இருக்காது” என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் இந்தப் பத்தியே பொய்.

என் கடையைக் கூட்டித் துடைக்க மல்லிகா என்று ஒருவர் வருகிறார். நாலு வருஷமாக வருகிறார். வேலை முடிந்து கிளம்பும்போது, கையிலிருக்கும் ஒயர்கூடையை என் பக்கம் சாய்த்து, மேலே கிடக்கும் துண்டை விலக்கிக் காட்டிவிட்டுப் போவார். நான் தலையை ஆட்டுவேன். காட்டு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. காட்டாதே என்றும் சொன்னதில்லை. அப்படி ஒன்று தினமும் நடக்கிறது என்பதே அன்றுதான் என் கண்ணில் பட்டது.

கூடையைச் சாய்த்தார்.

“வேணாம் மல்லிகா, மூடுங்க. நான் எப்பவாவது காட்டச் சொன்னேனா?”

“நீங்க சொல்லலீங்க. முன்ன வேல செஞ்ச வூட்ல சொல்லுவாங்க. அப்படியே கைக்குப் பழகிப்போச்சி.”

“இனிமே காட்டாதீங்க.”

துண்டை இழுத்து மூடினார். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கியவர், நின்று திரும்பினார்.

“நாலு வருஷமா பாக்கறீங்க. உள்ள இன்னா கொண்டுகினு போறன்னு ஒருநாளாவது கேட்டீங்களாக்கா?”

கேட்டேன். அவர் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.